டாக்டர் வீட்டுக்கு வந்தார், மாத்திரை வரவில்லை

மொரீஷியஸில் தொண்ணூறு வயது ஆகிவிட்டால் மாதம் ஒரு தடவை அரசாங்க டாக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். அறுபது தாண்டிப் படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கும் இது உண்டு. பத்துக் காசு செலவில்லை. சிங்கப்பூரில் என் மாமியாரிடம் இதைச் சொன்னால் நம்புவதே இல்லை. "டாக்டர் வீட்டுக்கு வருவார் சரி, பில்லு எப்போ வரும், அதைச் சொல்லு" என்பார். பில்லே வராது அத்தை என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

இந்தத் தடவை தைப்பூசக் காவடிக்கு ஊருக்குப் போனேன். ஆயாவை, அதாவது என் பாட்டியைப் பார்க்க டாக்டர் வரும் நாளும் அந்த வாரத்திலேயே வந்தது. காவடி நன்றாக நடந்தது, வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு நன்றாக இருந்தது, கடல் இருந்த இடத்தில் இருக்கிறது. அதையெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டைப் பற்றி.

எங்கள் ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சின்ன ஊர், இரண்டு கடை, ஒரு கோவில். பெயரைப் போட்டால் டிஸ்பான்சேரில் (ஊர் அரசாங்க மருத்துவ நிலையம்) மருந்து கொடுப்பவர் யார் என்று ரோஸ்ஹில் நகரத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆயாவைப் பார்த்துக்கொள்வது பெரியம்மா மகள். எனக்கு அக்கா. கட்டில் முன்னறையில், சன்னல் ஓரமாக. டாக்டர் வருகிறார் என்றால் ஆயாவுக்கு முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும். நைட்டி வேண்டாம், சேலை கட்டிவிடு என்று விடிவதற்குள் பிடிவாதம். அக்கா வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, ஒரு பழைய பருத்திச் சேலையைப் படுத்த வாக்கிலேயே சுற்றிவிட்டாள். நெற்றியில் விபூதி. பக்கத்து ஸ்டூலில் பிளாஸ்டிக் பை ஒன்று. அதில் ஆஸ்பத்திரி ரந்தேவு கார்டு (எந்த நாளில் வர வேண்டும் என்று எழுதும் அட்டை), ரத்தப் பரிசோதனைத் தாள்கள், காலி மாத்திரை அட்டைகள். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அதுவும் மஞ்சளாகிப்போன கார்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் ஆயா இதே மாதிரி ஒரு பையைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுதும்போதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஆனால் நிஜம். சின்னக் கார், சின்னப் பை, வயதானவர். ரத்த அழுத்தம் பார்த்தார். கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அக்காவைக் கூப்பிட்டு ஆயாவை ஒரு பக்கமாகத் திருப்பச் சொல்லி, முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் இருக்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். புண் இல்லை. "யார் பார்த்துக்கறது? நீங்களா? நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆயா இதுதான் சமயம் என்று, அக்கா கருவாடு தர மாட்டேன் என்கிறாள் என்று புகார் வைத்தார். டாக்டர் சிரித்துவிட்டு, கால் வீங்கியிருக்கிறது, உப்பே ஆகாது, இன்னும் கொஞ்ச நாளைக்குக் கருவாட்டை மறந்துவிடுங்கள் என்றார். (பேச்செல்லாம் கிரியோலில், அதாவது மொரீஷியஸ் பேச்சு மொழியில். நான்தான் தமிழில் எழுதுகிறேன்.)

அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினார். வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஒன்று புதிதாக. சீட்டு எழுதி, முத்திரை குத்தி, டிஸ்பான்சேரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். போட்ட தேநீர் ஆறவில்லை.

இதைப் பார்த்து நான் உருகிப்போனேன். சிங்கப்பூரில் என் மாமியாருக்கு டாக்டரை வீட்டுக்கு வரவழைக்க ஒரு தடவை முயன்றோம். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது, மானியமும் இருக்கிறது. ஆனால் வீட்டில் எத்தனை பேர், எல்லாருடைய வருமானமும் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் மானியத்தை முடிவு செய்வார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம் என்பதால் மாமியாருக்குச் சலுகை சுருங்கிவிடும். இங்கே ஆயாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயது ஆகிவிட்டது, டாக்டர் வருகிறார், அவ்வளவுதான். அடடா, நம்ம ஊர் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு" என்றாள்.

டிஸ்பான்சேர் நடக்கும் தூரம்தான். பழைய கட்டடம் உங்களுக்கு நினைவிருக்கும்: தகரக் கூரை, பலகை பெஞ்சு, ஆறு மணிக்கே போய் வரிசையில் பையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவது, இருமல் மருந்துக்கு வீட்டிலிருந்தே சீசா கழுவி எடுத்துக்கொண்டு போவது. இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் போட்ட கட்டடம், எண் கொடுக்கும் எந்திரம், மின்விசிறி. எண்ணும் சீக்கிரமே வந்துவிட்டது. கம்பிக்குப் பின்னால் மருந்து கொடுக்கும் மிஸ்யே (ஐயா) சீட்டை வாங்கி, முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றுமில்லை, மறுபடி முன்னால் பார்த்தார்.

"இது நம்ம டாக்டர் எழுதினது இல்லையே."

"அரசாங்க டாக்டர்தான். வீட்டுக்கு வந்தார்."

"அது செக்கிரிதே சோசியல் (சமூகப் பாதுகாப்பு) டாக்டர். நாங்க சாந்தே (சுகாதாரம்). எங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி, எங்க தாள்ல எழுதி வாங்கிட்டு வந்துடுங்க."

சரி என்று டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தோம். அங்கே ஒரு மிஸ் (நர்ஸ்) சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, நோயாளி எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றோம். நோயாளியைப் பார்க்காமல் டாக்டர் எழுத மாட்டார், அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அக்கா பொறுமையாக, அவரால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது என்றாள். "அப்படின்னா வீட்டுக்கு டாக்டர் வர்ற திட்டம் இருக்கே, அதுக்கு எழுதிப் போடுங்களேன்" என்றார் அந்த மிஸ்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. கட்டிலை விட்டு நகர முடியாது என்பதால்தான் டாக்டர் வீட்டுக்கு வருகிறார். அவர் எழுதிய மாத்திரையை வாங்க வேண்டுமென்றால் நோயாளி கட்டிலை விட்டு எழுந்து வர வேண்டும். நான் குரலை உயர்த்தினேன். ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டேன் போலிருக்கிறது, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, "வெளிநாட்டுப் பிள்ளை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மிஸ் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. சிங்கப்பூரில் கவுண்டரில் சண்டை போட்டால் ஒரு மேலாளர் வருவார், ஒரு படிவம் தருவார். இங்கே ஒரு புன்னகை, "நாளைக்கு வாங்களேன்".

எங்கே சிக்கல் என்று யோசித்தால் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்வது சமூகப் பாதுகாப்பு அமைச்சின் வேலை. பென்சன், படுக்கையில் இருப்பவரைக் கவனிப்பதற்கான கூடுதல் தொகை, வீட்டுக்கு டாக்டர், பெல்மார், புவாந்த் ஓ சாப்ல் கடற்கரைகளில் இருக்கும் ஓய்வு விடுதிகள், தர்ம இல்லங்களுக்கான மானியம் எல்லாம் அவர்கள் கையில். ஆஸ்பத்திரி, டிஸ்பான்சேர், மாத்திரை எல்லாம் சுகாதார அமைச்சு. இரண்டும் அரசாங்கம், இரண்டும் இலவசம், இரண்டிலும் நல்ல மனிதர்கள். நடுவில் ஒரு சாலை இருக்கிறது, அதை அக்காதான் கடக்க வேண்டும், கையில் பிளாஸ்டிக் பையோடு. முதியோர் பராமரிப்பையும் மருத்துவத்தையும் ஒன்றாக இணைப்பது என்று உலகமெல்லாம் மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அந்த இணைப்பின் பெயர் அக்கா. சம்பளம் கிடையாது.

அதே டிஸ்பான்சேரில், அக்காவின் தோழி போன வருஷம் தன் மாமனாருக்கு இதே மாதிரி சீட்டைக் கொடுத்து ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கியிருக்கிறாள். அன்றைக்குக் கம்பிக்குப் பின்னால் வேறு ஆள். இதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. விதி என்று ஒன்று இருந்தால் கூடத் திட்டலாம்.

நான் நேரே தனியார் பார்மசிக்குப் போய் வாங்கிவிடலாம் என்றேன். ஒன்றும் பெரிய விலை இல்லை. சாதாரண அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும். சிங்கப்பூரில் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசுதான். அக்கா முடியவே முடியாது என்றுவிட்டாள்.

"நீ வாங்கிக் கொடுத்துட்டு பிளேன் ஏறிடுவே. அடுத்த மாசம்? அதுக்கடுத்த மாசம்? இன்னைக்கு நாம காசு கொடுத்து வாங்கிட்டோம்னா, அவங்க ஃபைல்ல ஆயாவுக்கு இன்னும் பழைய அளவுதான் இருக்கும். நாளைக்கு ராத்திரி மூச்சு முட்டுதுன்னு ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனா, அங்க இருக்கிற சின்ன டாக்டர் பழைய ஃபைலை, அந்த டோசியேவைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்."

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் சிங்கப்பூர் பாலிகிளினிக்கில் (அரசாங்க மருத்துவ நிலையம்) இந்தப் பேச்சே எழாது. டாக்டர் திரையில் தட்டுகிறார், மருந்து வீட்டுக்கு வருகிறது, அடுத்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே பட்டியல் திரையில் இருக்கிறது. 2011லிருந்து நோயாளிகளுக்கான தேசிய மின்பதிவு ஒன்று ஓடுகிறது. சிங்கப்பூரின் அட்மிரல்ட்டி பகுதியில் ஒரே கட்டடத்துக்குள் மருத்துவ நிலையம், முதியவர்களுக்கான வீடுகள், கீழே சாப்பாட்டுக் கடைகள் என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். உலகக் கட்டடக் கலைப் பரிசுகூட வாங்கியது. மாமியாரை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் ஒன்றோடொன்று பேசுகிறது. ஆனால் மாமியாரோடு பேச யாரும் இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அதுவும் முழுக்க உண்மையில்லை. எங்கள் பிளாக்கிலேயே கீழ்த்தளத்தில் முதியோர் நிலையம் இருக்கிறது, உடற்பயிற்சி, பிங்கோ எல்லாம் உண்டு. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் திட்டம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. நாட்டில் இருக்கும் ஐந்து வட்டார ஆஸ்பத்திரிகளில் ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன். ஆயாவின் டோசியே அங்கேதான் இருக்கிறது. விடியற்காலையிலேயே பஸ் பிடித்தோம். பஸ்ஸில் பாதிப் பேர் முதியவர்கள். 2005லிருந்து அவர்களுக்குப் பயணம் இலவசம் ஆயிற்றே. பேச்செல்லாம் பென்சன் வயதைப் பற்றி. 2025 ஜூன் பட்ஜெட்டில் அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குப் படிப்படியாகத் தள்ளப்போவதாகப் பிரதமர் ராம்கூலம் அறிவித்ததிலிருந்து ஊரில் இதே பேச்சுத்தான். 1958லேயே பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லாருக்கும் என்று ஆன பென்சன். கைவைத்தால் கோபம் வராமல் இருக்குமா? எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர், "நாங்க கரும்பு வெட்டி வாங்கினது இது" என்றார். சிங்கப்பூரில் அப்படி எல்லாருக்கும் பென்சனே கிடையாது, அவரவர் சேமிப்பு நிதிதான் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா முழங்கையால் இடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் அறை. அட்டை டோசியேக்கள் கூரை வரை. ஆயாவின் பெயரைச் சொன்னோம், இல்லை. அடையாள அட்டையைக் காட்டினோம். அந்த எழுத்தில் இல்லை. முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாளில் எங்கள் குடும்பப் பெயரை எந்தத் துரை எப்படிக் காதில் வாங்கினாரோ, சித்தப்பா வீட்டில் ஒரு விதம், எங்கள் வீட்டில் ஒரு விதம், ஆயாவின் அட்டையில் இன்னொரு விதம். கிளார்க் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு, நடுவில் இரண்டு ‘ஓ’ போட்டுத் தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார். ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே காத்தோ பிமான் (மிளகாய் போட்ட பருப்பு வடை) விற்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்கித் தின்றோம். அதன் ருசி மட்டும் இந்த நாட்டில் எந்த அமைச்சாலும் கெடுக்க முடியாதது. திரும்பி வந்தால் டோசியே மேசையில் இருந்தது. மூலை எலி கடித்த மாதிரி, கயிறு கட்டி.

வெளிநோயாளர் பகுதியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். எங்கள் கதையை அக்கா பத்தாவது தடவையாகச் சொன்னாள். இவரும் அழைத்து வரச் சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பெண் டோசியேவைப் புரட்டினார், போன ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக அளவைப் பார்த்தார், சீட்டின் முத்திரையைப் பார்த்தார், கைப்பேசியை எடுத்தார். நேரே வீட்டுக்கு வந்த டாக்டரையே கூப்பிட்டுவிட்டார்! "போன்ஜூர் டாக்டர், உங்க பேஷண்ட்டோட பேத்திங்க ரெண்டு பேர் இங்க இருக்காங்க" என்று ஆரம்பித்து, நீர் மாத்திரையைக் காலையில் மட்டும் கொடுக்கட்டுமா, பொட்டாசியம் எப்போது பார்க்கலாம் என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரித் தாளில் எழுதி, டோசியேவிலும் எழுதி, ரத்தம் எடுக்க வீட்டுக்கு நர்ஸ் வருவதற்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். "அடுத்த தடவை அவர் வந்தா என் நம்பருக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

இரண்டு அமைச்சுகளை ஒரு வாட்ஸ்அப் இணைத்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது வேலை இல்லை. நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் ஆகிப்போனால் அந்த எண்ணும் அவரோடு போய்விடும். வீட்டுக்கு வருகிற டாக்டர் கையில் ஆஸ்பத்திரித் தாள் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டால் முடிந்துபோகிற விஷயம். ஒரு கட்டுத் தாள். இதற்கு அட்மிரல்ட்டி மாதிரி மாடி மாடியாகக் கட்ட வேண்டியதில்லை.

வீடு திரும்பும் வழியில் அக்கா, தெருக்கோடி வீட்டுப் பெரியவரைத் தனியார் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேர் கனடா, ஒரு பெண் பிரான்ஸ். முன்பெல்லாம் இல்லம் என்றால் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற தர்ம இல்லம், யாரும் இல்லாதவர்கள் போகிற இடம். இப்போது காசு வாங்குகிற இல்லங்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு உரிமம், விதிகள் என்று 2003லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த இல்லத்தில் மாத்திரை வேளாவேளைக்கு வந்துவிடுகிறதாம், வாங்குகிற வேலை அவர்களுடையது. அக்கா இதைச் சொன்ன விதத்தில் பொறாமை இருந்ததா, என் பக்கம் எறிந்த கல்லா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஆயாவுக்காக ஜவுளித் தொழிற்சாலை வேலையை விட்டவள்.

ஆயாவுக்கு நீர் மாத்திரை வேலை செய்தது. நான் கிளம்புவதற்குள் கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. கருவாடு மட்டும் கிடைக்கவில்லை.

ஊரில் பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டாக்டர் வீட்டுக்கு வரும்போது ரந்தேவு கார்டின் நகலை அவர் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரி டோசியே எண்ணைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எண் இருந்தால் ரெக்கார்ட் அறையில் பெயரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். டிஸ்பான்சேருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். என்னைப் போல ஆங்கிலத்தில் கத்தாதீர்கள், பலனில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். இந்த மாதம் வேறு டாக்டர் வந்தாராம். அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, பழைய அளவே போதும் என்று புதுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். டோசியே எண்ணை எழுதச் சொன்னதற்கு, அதெல்லாம் தேவையில்லை, டிஸ்பான்சேரில் அப்படியே கொடுப்பார்கள் என்றாராம். வெள்ளிக்கிழமை அக்கா பஸ் ஏறுகிறாள்.